தெரிந்ததை எழுதினாலும் ஏன் நீக்குகிறார்கள்? விக்கிப்பீடியாவின் சான்று விதிகள்

விக்கிப்பீடியாவில் புதிதாகக் கணக்குத் தொடங்கி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத்தான் முதலில் தொடுகிறார்கள். படித்த துறையாக இருக்கலாம், பல ஆண்டு வேலை பார்த்த தொழிலாக இருக்கலாம், நெருங்கிப் பழகிய ஒரு கலைஞராக இருக்கலாம். கட்டுரையில் ஒரு தகவல் விட்டுப்போயிருப்பதைப் பார்க்கிறார்கள், சேர்க்கிறார்கள். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தால் அந்தத் தொகுப்பு, அதாவது அவர்கள் செய்த மாற்றம், மீளமைக்கப்பட்டிருக்கிறது; பக்கம் பழையபடி ஆகிவிட்டது. பக்க வரலாற்றில் 'சான்று இல்லை' என்று இரண்டே சொற்கள். எழுதியவருக்கு அது தன்னைப் பொய்யர் என்று சொன்னதுபோல் படுகிறது. பலர் அந்த இடத்திலேயே விலகிப் போய்விடுகிறார்கள். கலைக்களஞ்சியத்துக்கு இது உண்மையான இழப்பு. அந்தத் தகவலைத் திருத்தமாக எழுதக்கூடியவர் பல சமயம் அவராகத்தான் இருந்திருப்பார்.

மீளமைத்தவர் அந்தத் தகவல் பொய் என்று சொல்லவில்லை. இதைப் படிக்கும் மூன்றாம் மனிதர் ஒருவர் சரிபார்க்க நினைத்தால் அவருக்கு வழி எதுவும் வைக்கப்படவில்லை என்றுதான் சொல்கிறார். விக்கிப்பீடியாவின் சான்று விதிகள் அத்தனையும் இந்த ஒரு கவலையிலிருந்து முளைத்தவை. அந்தக் கவலை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்துவிடும்.

விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியாக நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதில் எழுதுபவர்கள் துறை அறிஞர்கள். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்டி வர வேண்டும். விளைவு, 2003-ல் மூடப்படும்வரை முழுமையாகத் தேறிய கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. 2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் தொடங்கிய விக்கிப்பீடியா இதற்கு நேர் எதிரான பாதையில் போனது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். கட்டுரைகள் மளமளவென்று குவிந்தன. ஆனால் எழுதுபவர் யார் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் எதை நம்புவது என்ற கேள்வி தீராமல் நின்றது. அச்சில் வந்த கலைக்களஞ்சியத்தில் கட்டுரையாசிரியரின் பெயரும் பதவியும் பதிப்பகத்தின் நற்பெயரும் நம்பிக்கைக்குப் பிணையாக நின்றன. புனைபெயரில் எழுதும் ஒரு பயனருக்கு அந்தப் பிணை இல்லை. அதனால் நம்பிக்கையின் பாரம் முழுவதும் ஆளிடமிருந்து அடிக்குறிப்புக்கு மாறியது.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் சான்று இல்லாத கட்டுரைகள் ஏராளமாக இருந்தன. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 2005 மே மாதம் ஜான் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ஒருவர் பொய்யை எழுதினார். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி இருவரின் கொலைகளிலும் அவருக்குத் தொடர்பு இருப்பதாக ஒரு காலத்தில் கருதப்பட்டது என்பது அந்தப் பொய். சீகன்தாலர் ராபர்ட் கென்னடியிடமே உதவியாளராக வேலை பார்த்தவர். நான்கு மாதத்துக்கு மேல் அந்த வரி அப்படியே இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் யூஎஸ்ஏ டுடே நாளிதழில் இதைப் பற்றி எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த மாதமே கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கென்று தனிக் கொள்கை உருவானதும் இந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிய சர்ச்சைக்குரிய தகவலுக்குச் சான்று இல்லையென்றால், 'சான்று தேவை' என்ற குறிப்பைப் போட்டுக் காத்திருக்கக்கூடாது, உடனே நீக்கிவிட வேண்டும் என்று அந்தக் கொள்கை சொல்கிறது. மற்ற இடங்களில் காட்டப்படும் பொறுமை இங்கே இல்லாததற்குக் காரணம், தவறின் வலியை அனுபவிப்பவர் ஒரு மனிதர் என்பதே.

உள்ளடக்கம் பற்றிய அடிப்படைக் கொள்கைகள் மூன்று: நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை, சொந்த ஆய்வு கூடாது என்பது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது பின்னிரண்டில். மெய்யறிதன்மை என்பது கட்டுரையில் உள்ள ஒவ்வொரு தகவலும் நம்பகமான வெளியீடு ஒன்றில் ஏற்கனவே வந்திருக்க வேண்டும், வாசகர் அதைத் தேடிப்போய்ப் பார்க்க முடிய வேண்டும் என்பது. எல்லா வரிக்கும் அடிக்குறிப்பு வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பாரிஸ் பிரான்சின் தலைநகரம் என்று எழுத யாரும் சான்று கேட்கமாட்டார்கள். நேரடி மேற்கோள்கள், யாராவது ஏற்கனவே மறுத்த தகவல், மறுக்க வாய்ப்புள்ள தகவல், வாழும் மனிதர்களைப் பற்றிய சர்ச்சைக்குரிய செய்தி ஆகிய நான்குக்கும் அந்த இடத்திலேயே அடிக்குறிப்பு கட்டாயம். சான்று காட்டும் பொறுப்பு தகவலைச் சேர்ப்பவருடையது. நீக்கப்பட்டதைத் திரும்பப் போடுபவருக்கும் அதே பொறுப்புதான். 'பொய் என்று நிரூபித்துவிட்டு நீக்குங்கள்' என்ற வாதம் அங்கே எடுபடாது.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எழுத்தாளர் ஃபிலிப் ராத் விவகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 'தி ஹியூமன் ஸ்டெய்ன்' என்ற அவருடைய நாவலின் நாயகன் அனடோல் புரோயார்ட் என்ற விமர்சகரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவன் என்று சில மதிப்புரையாளர்கள் எழுதியிருந்தார்கள். விக்கிப்பீடியாக் கட்டுரையிலும் அது இடம்பெற்றிருந்தது. 2012-ல் ராத் அதைத் தவறு என்று சொல்லி நீக்கச் சொன்னார். தன் படைப்பைப் பற்றி அதை எழுதியவருக்கே நன்றாகத் தெரியும் என்றாலும் வேறொரு வெளியீட்டில் அது வந்திருக்க வேண்டும் என்று அவர் தரப்புக்குப் பதில் வந்தது. ராத் கோபம் கொண்டு நியூயார்க்கர் இதழின் தளத்தில் விக்கிப்பீடியாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். மெல்வின் டியூமின் என்ற பேராசிரியருக்கு நேர்ந்த ஒரு சம்பவம்தான் நாவலுக்கு வித்து என்று அதில் விரிவாக விளக்கினார். அந்த மடல் வெளியானதும் அதையே சான்றாகக் காட்டிக் கட்டுரை திருத்தப்பட்டது.

இதைப் படிக்கிற பலர் சிரிப்பார்கள். எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. 'நான்தான் அந்த எழுத்தாளர்' என்று சொல்லிக்கொண்டு ஒரு கணக்கிலிருந்து வரும் திருத்தத்தை, அதே சொற்களைச் சொல்லிக்கொண்டு வரும் போலியின் திருத்தத்திலிருந்து பிரித்தறிய விக்கிப்பீடியாவுக்கு வழி இல்லை. பெயர் போட்டு, ஓர் இதழின் ஆசிரியர் குழு பார்த்து வெளியிட்ட மடல் என்றால் யார் சொன்னார், எப்போது சொன்னார், எங்கே சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. மதிப்புரையாளர்கள் சொன்னதையும் எழுத்தாளர் மறுத்ததையும் அடுத்தடுத்து வைத்து எழுத முடிகிறது. ராத் அலைக்கழிக்கப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அந்த அலைச்சலின் முடிவில் வாசகர் கையில் ஓர் ஆவணம் வந்து சேர்ந்தது.

எது நம்பகமான சான்று என்று கேட்டால் புதியவர்கள் ஒரு பட்டியலை எதிர்பார்க்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அடிக்கடி விவாதிக்கப்படும் வெளியீடுகளுக்கு அப்படி ஒரு பட்டியல் உண்டு. 2017 பிப்ரவரியில் பிரிட்டனின் டெய்லி மெயில் நாளிதழைப் பொதுவாகச் சான்றாகக் காட்டக்கூடாது என்று அங்கே முடிவெடுத்தது பெரிய செய்தியானது. ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் சமூகத்துக்குள் பேசி முடிவெடுப்பதால் ஓரிடத்தின் பட்டியல் இன்னோரிடத்தைக் கட்டுப்படுத்தாது. பட்டியலைவிட முக்கியமானது, நம்பகத்தன்மை என்பது எந்தத் தகவலுக்குச் சான்று என்பதைப் பொறுத்தது என்று புரிந்துகொள்வது. ஒரு நிறுவனத்தின் சொந்த இணையதளம் அதன் தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதற்குப் போதும். அந்த நிறுவனம்தான் துறையிலேயே முதலிடம் என்பதற்குப் போதாது. தேர்தல் முடிவுக்கு நாளிதழ் நல்ல சான்று; ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அதே நாளிதழ் பலவீனமான சான்று.

கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவில் சரிபார்க்க யாராவது இருந்தார்களா? தவறு வந்தால் திருத்தம் வெளியிடும் பழக்கம் அந்த வெளியீட்டுக்கு உண்டா? எழுதப்படும் பொருளால் எழுதியவருக்கு ஆதாயம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டால் சமூக ஊடகப் பதிவும், காசு கொடுத்துத் தானே அச்சிட்டுக்கொண்ட நூலும், செய்திபோல் போடப்பட்ட விளம்பர அறிக்கையும் ஏன் நிற்பதில்லை என்பது விளங்கிவிடும். இன்னொரு விக்கிப்பீடியாக் கட்டுரையைச் சான்றாகக் காட்டக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். எந்த மொழியில் உள்ள கட்டுரையாக இருந்தாலும் சரி. மறுபக்கம், சான்று இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்றோ, இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றோ, கட்டுரையின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்றோ விதி எதுவும் இல்லை. நூலக அலமாரியில் உறங்கும் அச்சு நூல் ஒன்றின் 214-ஆம் பக்கம் நல்ல சான்று. எழுதியவர் யாரென்றே தெரியாத நூறு வலைப்பக்கங்களைவிட அது மேல்.

முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்ற பிரிவினை வறட்டு இலக்கணமாகத் தெரியும். மருத்துவத்தில் அதன் அருமை தெரிந்துவிடும். ஆய்வாளர் தம் ஆய்வைத் தாமே எழுதி வெளியிட்டால் அது முதன்மைச் சான்று. அப்படிப்பட்ட பல ஆய்வுகளை எடுத்துவைத்து எடைபோட்டு வேறொருவர் எழுதுவது இரண்டாம் நிலை. 1998-ல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தும் பீதி அங்கிருந்துதான் கிளம்பியது. 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் யாராவது 'இதழின் பெயரே போதும்' என்று அதை மட்டும் அடிக்குறிப்பில் போட்டிருந்தால், விதியின் எழுத்தைக் காப்பாற்றி வாசகரைக் கைவிட்டிருப்பார். இதனால்தான் மருத்துவத் தகவலுக்குத் தனி ஆய்வுகளை விட்டுவிட்டு, பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் மதிப்பீடுகளையும் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல்களையும் விக்கிப்பீடியா கேட்கிறது.

அடுத்தது, என் கணக்கில் இந்த முழு விஷயத்தின் மையம். புதியவர்களில் பெரும்பாலோர் முதலில் வாக்கியத்தை எழுதிவிடுகிறார்கள். பிறகு அதற்குப் பொருத்தமான ஒரு சான்றைத் தேடுபொறியில் தேடி எடுத்து ஒட்டுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். தகராறு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. ஒரு பாலத்தைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கற்பனையான பாலம்தான். எழுதியவர் போட்ட வரி இது: '1931-ல் தொடங்கிய கட்டுமானம் வெள்ளத்தால் தாமதமாகி, 1934-ல் நாட்டின் மிக நீளமான பாலமாக இது திறக்கப்பட்டது.' அடிக்குறிப்பில் ஒரு பழைய நாளிதழ்ச் செய்தி. அதைத் தேடி எடுத்துப் படித்தால் அதில் இருப்பது இவ்வளவுதான்: 'மூன்று ஆண்டுக் கட்டுமானத்துக்குப் பின் பாலம் மார்ச் மாதம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பணி நடந்த காலத்தில் இருமுறை ஆற்றில் வெள்ளம் வந்தது.' செய்தித்தாளின் தேதி 1934.

வரியைப் பிரித்துப் பாருங்கள். 1934-ல் திறக்கப்பட்டது: சான்றில் இருக்கிறது. 1931-ல் தொடங்கியது: இல்லை. எழுதியவர் மூன்றைக் கழித்திருக்கிறார். எளிய கணக்குப் போடுவதற்கு விதிகளில் தடையில்லை. ஆனால் 'மூன்று ஆண்டு' என்று நாளிதழ் எழுதியது முழுதாக மூன்றா, ஏறக்குறைய மூன்றா? 1930 இறுதியில் கடைக்கால் தோண்டியிருந்தாலும் நிருபர் அப்படித்தான் எழுதியிருப்பார். வெள்ளத்தால் தாமதம்: இல்லை. வெள்ளம் வந்தது என்று சான்று சொல்கிறது, தாமதமானது என்று சொல்லவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டது எழுதியவர். மிக நீளமான பாலம்: சான்றில் அந்தப் பேச்சே இல்லை, எங்கோ கேள்விப்பட்டது உள்ளே நுழைந்திருக்கிறது. ஆக, நான்கு செய்திகளில் ஒன்றுக்குத்தான் அந்த அடிக்குறிப்பு தாங்கும். மற்ற மூன்றும் அதன் நிழலில் ஒளிந்திருக்கின்றன. சான்றை முதலில் படித்து, மூடி வைத்துவிட்டு, அதில் இருந்ததைத் தன் சொற்களில் எழுதியிருந்தால் வரி இப்படி வந்திருக்கும்: 'மூன்று ஆண்டுகள் நடந்த பணிக்குப் பின் 1934 மார்ச்சில் இந்தப் பாலம் திறக்கப்பட்டது.' சின்ன வரி. ஆனால் முழுதாக நிற்கும்.

வெள்ளத்தையும் தாமதத்தையும் முடிச்சுப் போட்டதுதான் 'சொந்த ஆய்வு கூடாது' என்ற கொள்கையின் மிக நுட்பமான பகுதி. ஒரு நூலில் ஒரு செய்தி, இன்னொரு நூலில் வேறொரு செய்தி. இரண்டையும் சேர்த்து இரண்டிலும் இல்லாத மூன்றாவது முடிவை எழுதினால், இரண்டு அடிக்குறிப்புகள் இருந்தாலும் அது எழுதியவரின் சொந்த ஆய்வே. 'ஆனால்', 'இதனால்', 'இருந்தபோதிலும்' போன்ற சின்னச் சொற்கள்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆய்வு மாணவர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் இது எரிச்சலூட்டும், ஏனென்றால் அவர்களுடைய தொழிலே அந்த முடிச்சைப் போடுவது. அந்தத் திறமைக்கு ஆய்விதழில் இடம் உண்டு. கலைக்களஞ்சியம் மற்றவர்கள் போட்ட முடிச்சை எடுத்துச் சொல்கிற இடம். அதற்காகச் சான்றின் வாக்கியங்களை அப்படியே நகலெடுக்கவும் முடியாது. அது காப்புரிமை மீறல். செய்தியை உள்வாங்கி வேறு சொற்களில், பொருள் நழுவாமல் எழுத வேண்டும். இது உண்மையிலேயே கடினமான எழுத்துப் பயிற்சி.

அடிக்குறிப்புகள் நகர்ந்துபோகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக நிற்கும் ஒரு வரிக்கும் அதன் அடிக்குறிப்புக்கும் நடுவில் யாரோ ஒருவர் பிற்பாடு ஒரு புதிய செய்தியைச் செருகிவிடுவார். அந்த நொடியிலிருந்து அந்தச் செய்தியும் சான்றுள்ளதுபோல் தோற்றம் கொள்ளும். இருக்கும் பத்தியில் எதையாவது சேர்க்கும்போது, உங்கள் செய்திக்கு உங்கள் சான்றைத் தனியாகப் போடுவதும், பழைய வரி பழைய சான்றோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம்.

விதியின் அருமையைத் தலைகீழாகக் காட்டிய நிகழ்ச்சி 2009 மார்ச்சில் நடந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்த செய்தி வந்ததும், டப்ளினில் படித்த ஒரு மாணவர் ஜார் சொன்னதாக ஓர் அழகிய வாசகத்தைத் தானே இட்டுக்கட்டி விக்கிப்பீடியாவில் சேர்த்தார். செய்தியாளர்கள் இணையத்தை எவ்வளவு நம்புகிறார்கள் என்று சோதிப்பது அவர் நோக்கம். சான்று இல்லை என்று விக்கிப்பீடியர்கள் அதை நீக்கினார்கள். அவர் மீண்டும் போட்டார். நீக்கப்படுவதற்கு முன்பே அஞ்சலிக் குறிப்பு எழுத அவசரப்பட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள். கார்டியன் உட்படப் பல நாளிதழ்களில் அந்த வாசகம் அச்சானது. ஒரு மாதத்துக்கும் மேல் கழிந்து அந்த மாணவரே நாளிதழ்களுக்கு எழுதிச் சொன்ன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாளிதழ்ச் செய்தியைச் சான்றாகக் காட்டி யாராவது ஒருவர் நல்ல நோக்கத்தோடு அதை விக்கிப்பீடியாவில் மறுபடி சேர்த்திருப்பார். இம்முறை யாரும் நீக்கியிருக்கமாட்டார்கள்.

இப்படி வட்டமடிக்கும் சான்றுகள் கற்பனை இல்லை. தென் அமெரிக்க விலங்கான கோட்டிக்குப் 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்று ஒரு பெயர் உண்டு என 2008-ல் ஒரு மாணவர் விக்கிப்பீடியாவில் வேடிக்கைக்காக எழுதிவைத்தார். பின்வந்த ஆண்டுகளில் செய்தித்தாள்களிலும் நூல்களிலும் அந்தப் பெயர் புழங்கத் தொடங்கியது. அவையே கட்டுரைக்குச் சான்றாகவும் வந்து சேர்ந்தன. 2014-ல்தான் கதை வெளிப்பட்டது. ஆகவே சான்று எடுக்கும்போது தேதியைப் பார்ப்பது அவசியம். கட்டுரையில் ஒரு தகவல் எப்போது நுழைந்தது என்று பக்க வரலாறு காட்டிவிடும். நீங்கள் எடுத்திருக்கும் சான்று அதற்குப் பின்னால் எழுதப்பட்டது என்றால், அதுவும் இங்கிருந்தே எடுத்ததாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

இதைவிட மோசமானது, அடிக்குறிப்பே போலியாக இருப்பது. 17-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியருக்கும் மராத்தியருக்கும் இடையே கோவாப் பகுதியில் நடந்ததாக 'பிச்சோலிம் மோதல்' என்ற ஒரு கட்டுரை 2007-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதப்பட்டது. நீளமான கட்டுரை, வரிசையாக அடிக்குறிப்புகள். அதே ஆண்டு 'நல்ல கட்டுரை' என்ற தகுதியும் கிடைத்தது. 2012 இறுதியில் ஒரு பயனர் அதில் சொல்லப்பட்ட நூல்களைத் தேடிப் பார்த்தார். அப்படி நூல்களே இல்லை. அப்படி ஒரு போரும் நடக்கவில்லை. சீன விக்கிப்பீடியாவில் ஷெமாவ் என்ற பெயரில் எழுதிய பயனர் 2012-லிருந்து சுமார் பத்தாண்டுகள் இடைக்கால ரஷ்ய வரலாறு பற்றி இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கற்பனையாக எழுதிக் குவித்தது 2022-ல் அம்பலமானது. சான்றுகள் ரஷ்ய மொழியில் இருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை. அவர் காட்டிய பக்கங்களில் சில இல்லவே இல்லை, சில பதிப்புகளும் இல்லை.

இன்று இந்த ஆபத்து பலமடங்கு பெருகியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஒரு கட்டுரை கேட்டால் ஆசிரியர் பெயர், நூல் பெயர், ஆண்டு, நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எல்லாம் அச்சுப் பிசகாமல் வரும். சில சமயம் அப்படி ஒரு நூலே உலகில் இருக்காது. ஐஎஸ்பிஎன் எண்ணுக்குள் ஒரு சோதனை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 978-0-306-40615-7 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்கள் 9, 8, 3, 6, 0, 1, 7, கூட்டினால் 34. இரட்டைப்படை இடங்களில் 7, 0, 0, 4, 6, 5. கூட்டினால் 22, அதன் மூன்று மடங்கு 66. இரண்டும் சேர்ந்தால் 100, பத்தால் மீதியின்றி வகுபடுகிறது. எண் சரியான அமைப்பில் இருக்கிறது. வகுபடாத எண்ணை மேற்கோள் வார்ப்புருவில், அதாவது அடிக்குறிப்பு விவரங்களை நிரப்பும் படிவத்தில், போட்டால் மென்பொருளே பிழை என்று காட்டும். கண்மூடித்தனமாக உருவாக்கிய எண்களில் பத்தில் ஒன்று தற்செயலாகத் தேறிவிடும் என்பதால், தேறியது போதும் என்று விட்டுவிடக்கூடாது. நூலகப் பட்டியலில் தேடிப் பாருங்கள். எண் உண்மையாக இருந்து வேறொரு நூலுக்கு உரியதாகவும் இருக்கலாம்.

அடிக்குறிப்பை எழுதும் தொழில்நுட்பம் சிறிய விஷயம். தொகுப்புக் கருவியிலேயே மேற்கோளுக்கான பொத்தான் இருக்கிறது. வார்ப்புரு கட்டங்களை நிரப்பச் சொல்லும். வெறும் இணைய முகவரியை மட்டும் ஒட்டாமல் தலைப்பு, ஆசிரியர், வெளியீடு, தேதி, நூலென்றால் பக்க எண் ஆகியவற்றைக் கொடுங்கள். இணைப்புகள் காலப்போக்கில் செத்துப்போகும். தலைப்பும் தேதியும் இருந்தால் வேறு வழியில் தேடலாம். இணைய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்து அந்த முகவரியையும் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது. நீங்கள் எதைப் படித்தீர்களோ அதையே குறிப்பிடுங்கள். ஒரு நூலில் இன்னொரு நூலின் மேற்கோளைப் பார்த்திருந்தால், மூலநூலைப் பார்த்ததுபோல் எழுதாதீர்கள். கட்டணத் தளங்களில் உள்ள ஆய்விதழ்களுக்காக விக்கிப்பீடியா நூலகம் என்ற திட்டம் இருக்கிறது. கணக்கு ஆறு மாதம் பழையதாகி, 500 தொகுப்புகளைத் தாண்டி, தொடர்ந்து எழுதிவருபவர்களுக்கு அது இலவசமாகத் திறக்கும்.

புதிய கட்டுரை தொடங்குவது தனிப் பாடு. ஒரு பொருளுக்குக் கட்டுரை இருக்கலாமா என்ற குறிப்பிடத்தக்கமை விதியும் சான்றைப் பொறுத்ததே. அந்தப் பொருளோடு தொடர்பில்லாத நம்பகமான வெளியீடுகள் அதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும். இங்கேதான் விதிகளின் வலி தெரிகிறது. லேசர் இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்ட் பற்றிய ஒரு வரைவுக் கட்டுரை 2018 மே மாதம் போதிய சான்று இல்லை என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பி அனுப்பப்பட்டது. அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவருக்கென்று ஒரு கட்டுரை இல்லை. உடன் பரிசு பெற்ற ஜெரார் மூருவுக்கு இருந்தது. திருப்பி அனுப்பியவர் கையில் கிடைத்த அடிக்குறிப்புகளை வைத்து முடிவெடுத்தார். ஆனால் அதற்கு முன்னால், ஒரு பெண் விஞ்ஞானியின் பல்லாண்டுப் பணியைப் பத்திரிகைகளும் எழுத்தாளர்களும் போதிய அளவு பதிவு செய்யவில்லை என்ற குறை இருக்கிறது. உலகம் யாரைப் பற்றி எழுதவில்லையோ அவர்களைப் பற்றி விக்கிப்பீடியாவும் எழுத முடியாமல் போகிறது. இந்த விதியை மதிப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்கக்கூடாது.

வாய்மொழி அறிவு இன்னும் கூடுதலாக வெளியே நிற்கிறது. 2011-ல் அச்சல் பிரபலா என்பவர், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி செய்தார். எந்த நூலிலும் ஏறாத, ஆனால் மக்களுக்கு அன்றாடம் தெரிந்த விஷயங்களை அவர்கள் வாயாலேயே ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவைச் சான்றாகக் காட்டலாமா என்பது கேள்வி. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி மொழிகளில் இது நடந்தது. பொது விதியாக அது ஏற்கப்படவில்லை. பேசுபவர் சொன்னதை யார் சரிபார்த்தார்கள் என்ற பழைய கேள்விதான் தடையாக வந்தது. கேள்வி நியாயமானது, ஆனால் அச்சு வழக்கம் குறைந்த சமூகங்களின் அறிவு அதனால் வெளியே நிற்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் நேர் செய்யும் ஏற்பாடு இதுவரை அமையவில்லை.

எனவே, தொகுப்பு மீளமைக்கப்பட்டவர் செய்யக்கூடியது என்ன? திரும்பத் திரும்பப் போட்டு மல்லுக்கட்டினால், ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைப்பவரின் கணக்கே தடைசெய்யப்படலாம். கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று அதனுடன் இருக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போய், எந்த வரி, எந்த நூல், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். முடிந்தால் சான்றில் உள்ள வாக்கியத்தையும் எடுத்துக் கொடுங்கள். மீளமைத்தவர் தவறாகவும் இருக்கலாம். அச்சு நூல் என்பதற்காகவே நீக்கியிருந்தால் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. தகவல் எங்குமே அச்சாகவில்லை, உங்கள் அனுபவத்தில் மட்டும் இருக்கிறது என்றால் அதை வேறிடத்தில் முதலில் எழுதுங்கள். துறை இதழுக்கு ஒரு கட்டுரை, ஆசிரியர் குழு உள்ள பத்திரிகைக்கு ஒரு நேர்காணல், பதிப்பகம் வெளியிடும் ஒரு நூல். அது வெளிவந்த பிறகு நீங்களே உங்களை மேற்கோள் காட்ட அவசரப்படாமல், பேச்சுப் பக்கத்தில் இப்படி ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லிவையுங்கள். படித்துப் பார்த்துச் சேர்ப்பதா என்று இன்னொருவர் முடிவு செய்வார்.